நீர்மட்டம்: சாதாரணம்

குத்துக்கல்வலசை, தென்காசி
14 ஜூலை 2025

புவனேஷ்,

உன் எண்ணை என் போனில் தடுத்து வைத்துப் பத்து மாதமாகிறது. அதை நீக்க இப்போதும் மனமில்லை. அதனால் மெயிலில் எழுதுகிறேன். நீயும் அதிலேயே பதில் போடு. பேச்சில் நீ எப்படியும் ஜெயித்துவிடுவாய் என்பது எனக்குத் தெரியும்.

ஐந்தருவி ரோட்டில் குற்றாலிங்கம் அண்ணாச்சியின் லாட்ஜ் ஞாபகம் இருக்கும். நாம் இரண்டு பேரும் கம்பெனி ஆரம்பித்தபோது முதல் வேலை கொடுத்தவர். லாட்ஜுக்குப் பின்னால் ஓடும் ஓடையை மறித்துக் குளிப்பதற்கு ஒரு தொட்டி மாதிரி கட்டியிருந்தார். மலையில் மழை பெய்து ஓடையில் தண்ணீர் ஏறினால் குளிக்கிறவர்களைக் கரையேறச் சொல்லி ஒரு மின்சாரச் சங்கு ஊத வேண்டும் என்றார். மேலே பாறையில் நீர்மட்டம் அளக்கும் கருவியைப் பொருத்தியது நான். லாட்ஜ் ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அந்தக் கருவியிடம் மட்டத்தைக் கேட்டு, கூடினால் சங்கை ஊதவைக்கும் புரோகிராமை எழுதியது நீ.

போன வாரத்துக்கு முந்திய ஞாயிறு மத்தியானம் மலையில் நல்ல மழை. ஓடையில் தண்ணீர் ஏறியது. சங்கு ஊதவில்லை.

தொட்டிக்குள் ஹைருன் பீவி என்ற ஓர் அம்மாவும் கல்லூரியில் படிக்கும் அவர் மகள் அஃப்ரினும் நின்றிருக்கிறார்கள். தாய் எப்படியோ சுவரைப் பிடித்து ஏறிவிட்டார். மகளைத் தண்ணீர் சுவருக்கு அந்தப் பக்கம் தூக்கிக்கொண்டு போய்ப் பாறையில் அடித்திருக்கிறது. வாசலில் கார் நிறுத்த இடம் காட்டிக்கொண்டிருந்த வாட்ச்மேன் சுடலைமுத்து சத்தம் கேட்டு ஓடிப் போய் இழுத்துப் போட்டிருக்கிறார். அந்தப் பெண் இடுப்பெலும்பு முறிந்து திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள்.

இப்போது தினமும் விசாரணைக்கு ஸ்டேஷனில் போய் உட்காருவது யார் தெரியுமா? சுடலைமுத்து. அன்றைக்கு மழையில் கரண்டு போய் வந்த பிறகு, போலீஸ் முன்னால் கருவியைத் தண்ணீரில் முக்கிக் காட்டியிருக்கிறார் அண்ணாச்சி. சங்கு ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி ஊதியிருக்கிறது. மிஷின் நன்றாக இருக்கிறது, வாட்ச்மேன்தான் சத்தம் பிடிக்காமல் அணைத்து வைத்திருக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

நேற்று உட்கார்ந்து உன் புரோகிராமை முதல் வரியிலிருந்து வாசித்தேன். கருவியோடு பேச நிமிஷத்துக்கு ஒரு கனெக்ஷன் திறக்கிறாய். மூடுவதே இல்லை. மூடுகிற வரி ஒரே ஒரு மூலையில் அநாதையாகக் கிடக்கிறது, அதை எந்த வரியும் கூப்பிடவில்லை. குழாயைத் திறந்துவிட்டு வேலைக்காரி வந்து அடைப்பாள் என்று போகிற வீட்டில் வளர்ந்தவன் நீ இல்லை. உன் அம்மா கடையத்தில் நாற்று நட்டவர். இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது?

என்ன நடந்தது என்று எழுது.

பெர்சிஸ்


பெங்களூரு
16 ஜூலை

பெர்சிஸ்,

பத்து மாதம் கழித்து வந்த கடிதத்தில் நலமா என்ற ஒரு சொல்லைத் தேடினேன். இருந்திருந்தால்தான் பயந்திருப்பேன்.

அநாதையாகக் கிடக்கிறது என்று நீ கண்டுபிடித்திருக்கும் அந்த வரியைப் பற்றிச் சொல்கிறேன். நாம் எழுதும் மொழியில், பயன்படுத்தி முடித்த பொருட்களை நம் கையால் எடுத்துப் போட வேண்டியதில்லை. அதற்கென்றே உள்ளே ஓர் ஆள் இருக்கிறான். கார்பேஜ் கலெக்டர் என்று பெயர், கேள்விப்பட்டிருப்பாய். இனி யாருக்கும் வேண்டாத பொருட்கள் மெமரியில் எங்கெங்கே கிடக்கின்றன என்று பார்த்து அள்ளிக்கொண்டு போவான். அள்ளுவதற்கு முன்னால் கடைசியாக ஒரு காரியம் செய்துவிட்டுப் போ என்று அவனிடம் சொல்லி வைக்கலாம். நான் சொல்லி வைத்தது, கனெக்ஷனை மூடு என்பது. அந்த வரியை வேறு எந்த வரியும் கூப்பிடாது. அவன்தான் கூப்பிடுவான். இது கல்லூரியில் நமக்கு இரண்டாம் வருடப் பாடம். அன்றைக்குச் சுரண்டை பஸ் வரவில்லை போலிருக்கிறது, நீ வகுப்பில் இல்லை.

கையால் மூடு, கையால் திற என்று எழுதுவதெல்லாம் நம் அப்பாக்கள் காலத்து வேலை. மனிதன் மறப்பான் என்றுதான் இந்த மொழியையே உண்டாக்கினார்கள். நீ இன்னும் மண்ணெண்ணெய் விளக்கைத் துடைத்துக்கொண்டிருக்கிறாய்.

இரண்டு சீசன் அந்தப் புரோகிராம் ஓடியது. இரண்டு சீசனும் சரியான நேரத்தில் ஊதியது. அப்போது யாரும் எனக்குக் கடிதம் எழுதவில்லை. சுடலைமுத்துவையும் எனக்குத் தெரியும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த மனிதரை எழுப்ப ஒரு சங்கு போதாது. போலீஸ் சொல்வதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை.

கம்பெனியை நான் பாதி சீசனில் விட்டுவிட்டு ஓடினேன் என்று தென்காசி முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாய். போகிறேன் என்று மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் நீ போனில் கஸ்டமரோடு பேசிக்கொண்டிருந்தாய். இப்போது போர்டில் உன் பெயர் மட்டும்தானே இருக்கிறது? அப்படியானால் பதிலும் நீயே சொல்.

அந்தப் பெண் விஷயம் கேட்க வருத்தம்தான். ஆனால் என் வரியில் பிழையில்லை.

புவனேஷ்


குத்துக்கல்வலசை
19 ஜூலை

புவனேஷ்,

பாடத்துக்கு நன்றி. நானும் ஒரு பாடம் நடத்தினேன். கேள்.

புது மிஷின் வாங்கும்போது ஒரே மாதிரி இரண்டு வாங்கினேன். ஒன்று லாட்ஜின் பழைய கம்ப்யூட்டருக்குப் பதிலாக, ஒன்று நம் ஆபீசுக்கு. ஆபீஸ் மிஷினில் உன் புரோகிராமை ஓடவிட்டு, ஒரு கருவியை நீல டிரம்முக்குள் தொங்கவிட்டேன். கீழே பைப் கடை வைத்திருக்கும் பாண்டியை உனக்குத் தெரியும். அவன் தன் கடை ஹோஸை மாடிக்குக் கொண்டுவந்து டிரம்மை நிரப்பினான். சங்கு ஊதியது. காதைப் பொத்திக்கொண்டு, "யக்கா, போதும், தெருவே எட்டிப் பாக்கு" என்றான். அணைக்காமல் அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் மத்தியானம் டிரம்மைக் காலி செய்து மறுபடி நிரப்பச் சொன்னேன். பாதி நிறைந்தது. முழுக்க நிறைந்தது. வழிந்தது. படியில் இறங்கி ஓடியது. ஒரு சத்தமும் இல்லை. பாண்டி கீழே போய்ப் பார்த்துவிட்டு மேலே வந்து திரையை நின்று வாசித்தான்.

"யக்கா, தண்ணி எங்கடைக்குள்ள வந்துட்டு. உங்க மிஷினு 'நீர்மட்டம்: சாதாரணம்'னு சொல்லுது."

உன் ஆள் வரவில்லை, புவனேஷ். திறந்த கனெக்ஷன்கள் எல்லாம் திறந்தபடியே கிடந்தன. ஒரு புரோகிராம் இவ்வளவுதான் திறந்து வைக்கலாம் என்று கம்ப்யூட்டருக்கு ஒரு வரம்பு இருக்கிறது. அது தீர்ந்ததும் அடுத்த கனெக்ஷனைத் தர மறுத்துவிட்டது. நிமிஷத்துக்கு நிமிஷம் பிழை, பிழை என்று கத்தியிருக்கிறது. அந்தக் கத்தலை நீ பிடித்து வாயைப் பொத்தி, கடைசியாகத் தெரிந்த மட்டத்தையே திரையில் காட்டச் சொல்லியிருக்கிறாய். அந்த இடத்தில் உன் கைப்படத் தமிழில் ஒரு குறிப்பும் இருக்கிறது: 'இங்கே வர வாய்ப்பில்லை.' எவ்வளவு நிச்சயம் உனக்கு.

கரண்டு போய் வந்தபோது புரோகிராம் புதிதாகத் தொடங்கியிருக்கிறது. பழைய கனெக்ஷன்கள் ஒழிந்துவிட்டன. அதனால்தான் போலீஸ் முன்னால் நல்ல பிள்ளையாக ஊதியது.

இதை அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார்.

"ஏம்மா, நீ சொல்லுதது எனக்கு வெளங்கல. போலீசு முன்னால ஊதுச்சா இல்லையா?"

"ஊதுச்சு அண்ணாச்சி. உங்க லாட்ஜ்ல ரூம காலி பண்ணுதவங்க சாவியக் குடுக்காமலே போயிட்டாங்கன்னு வைங்க. ரூமு காலியாத்தான் கெடக்கும். ஆனா சாவி இல்லாம அடுத்த ஆளுக்கு எப்பிடிக் குடுப்பிய?"

"பூட்ட ஒடப்பேன்."

"மிஷினுக்கு ஒடைக்கத் தெரியாது அண்ணாச்சி."

எழுந்து போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். பிறகு, "அப்போ சங்கு கெட்டுப் போச்சின்னு நான் வெளிய சொல்லணும், என்ன? சீசன் நேரத்துல. ஒருத்தன் எட்டிப் பாப்பானா? சுடல ரெண்டு நாள் ஸ்டேஷன்ல உக்காந்துருந்தா தேஞ்சா போவான்? சீசன் முடியட்டும், அவன நான் பாத்துக்கிடுதேன்" என்றார். அந்த வாயிலிருந்து வந்த வாசனைப் பாக்கு நெடி இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

நேரே ஸ்டேஷனுக்குப் போனேன். அவர்கள் கேட்ட கேள்வி நியாயமானது. "இதே புரோகிராம் ரெண்டு வருசம் ஒழுங்கா ஓடிச்சின்னு நீங்களே சொல்லுதிய. இப்ப மட்டும் ஏன் ஓடல?" எனக்குப் பதில் தெரியவில்லை. எழுதினவரைச் சொல்லச் சொல்லுங்கள் என்றார்கள்.

இரண்டு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பு. இல்லையென்றால் தென்காசிக்கு ராத்திரி பஸ் இருக்கிறது, வந்து சொல். அந்த மனிதர் ஸ்டேஷன் பெஞ்சில் செருப்பைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். கோவிலில் உட்கார்கிற மாதிரி.

பெர்சிஸ்


பெங்களூரு
21 ஜூலை

பெர்சிஸ்,

புது மிஷின் என்று போகிற போக்கில் ஓரிடத்தில் எழுதியிருக்கிறாய். அதைத்தான் முதல் கடிதத்தில் முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும். எழுதியிருந்தால் டிரம்மும் ஹோஸும் பாண்டியும் தேவைப்பட்டிருக்காது.

பழைய மிஷினை எப்போது மாற்றினாய்? மே மாதமா? எவ்வளவு மெமரி போட்டாய்? சொல்ல வேண்டாம். பில் போடும்போது சுணங்குகிறது என்று அண்ணாச்சி புலம்பியிருப்பார். நீயும் கடையில் இருந்ததிலேயே பெரியதாக வாங்கி மாட்டியிருப்பாய். புரோகிராமுக்கும் தாராளமாக ஒதுக்கியிருப்பாய்.

கார்பேஜ் கலெக்டர் தினமும் காலையில் வந்து வாசல் பெருக்குகிறவன் இல்லை. மெமரி நிறைந்தால்தான் வருவான். பழைய மிஷினில் நான் அந்தப் புரோகிராமுக்கு மிகக் கொஞ்ச இடம் கொடுத்திருந்தேன். சீக்கிரம் நிறையும். அடிக்கடி வருவான். வரும்போதெல்லாம் கனெக்ஷன்களையும் மூடிவிட்டுப் போவான். நீ கொடுத்த மாளிகையில் அவனுக்கு வருவதற்குக் காரணமே இல்லை. இடம் இருக்கிறதா என்பதைத்தான் அவன் பார்ப்பான். கனெக்ஷன் எத்தனை மிச்சம் இருக்கிறது என்பது அவன் கவலை இல்லை, அவனுக்குத் தெரியவும் தெரியாது. மெமரி காலியாகக் கிடந்தது, கனெக்ஷன் தீர்ந்துபோயிற்று. மே மாதத்திலேயே இது வெளியே தெரியாததற்கும் காரணம் இருக்கும். சீசனுக்கு முன்னால் ராத்திரி கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போவார்கள். சீசனில் அணைக்க மாட்டார்கள்.

இதுதான் உன் இன்ஸ்பெக்டரின் கேள்விக்குப் பதில். என் புரோகிராம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. அதற்குச் சாப்பாடு அதிகம் போட்டுக் கொன்றது நீ. வாசிக்காத புரோகிராமைத் தூக்கி இன்னொரு மிஷினில் வைத்தது நீ. வைத்த பிறகு ஒரு நாளாவது முழுக்க ஓடவிட்டுப் பார்த்தாயா? இப்போது டிரம்மில் பார்த்ததை அப்போது பார்த்திருக்கலாமே.

இங்கே என் மேனேஜரிடம், நான் எழுதிய புரோகிராமால் ஒரு பெண்ணுக்கு இடுப்பு முறிந்தது என்று எந்த ஸ்டேஷனிலிருந்தும் போன் வருவதை நான் விரும்பவில்லை. கையெழுத்தெல்லாம் போட மாட்டேன். வரவும் மாட்டேன். விளக்கம் கேட்டாய், விளக்கிவிட்டேன். புரிந்துகொள்வது உன் சாமர்த்தியம்.

புவனேஷ்


குத்துக்கல்வலசை
24 ஜூலை

புவனேஷ்,

புரிந்தது. உன் கடிதத்தை அச்செடுத்து ஸ்டேஷனில் கொடுத்துவிட்டேன். உன் பெயரோடு, மெயில் முகவரியோடு, தேதியோடு. கையெழுத்துத் தேவைப்படவில்லை. இவ்வளவு திமிராக ஒருவன் பொய் சொல்ல மாட்டான் என்று இன்ஸ்பெக்டருக்கே தோன்றியிருக்க வேண்டும்.

அதோடு நானும் எழுதிக் கொடுத்தேன். மே மாதம் மிஷினை மாற்றியது நான். மெமரியைக் கூட்டியது நான். ஒரு முழு நாள் ஓடவிட்டுப் பார்க்காததும் நான். இதை நீ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன் என்பது எனக்கு அவமானமாக இருக்கிறது. ஆனால் அதைச் சொல்ல எனக்கு மேனேஜர் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஸ்டேஷன் ஆட்கள் பாண்டி கடை மாடிக்கே வந்து டிரம்மையும் மிஷினையும் பார்த்தார்கள். ஒரு நாள் ஓடவிட்டு, நிரப்பி, ஊதாததைக் கண்ணால் கண்டார்கள். சாயங்காலம் சுடலைமுத்துவை இனி வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். என்னையும் அண்ணாச்சியையும் இனிமேல் கூப்பிடுவார்கள். கூப்பிடட்டும்.

ஸ்டேஷன் வாசலில் அண்ணாச்சி காரோடு நின்றிருந்தார். கண்ணாடியை இறக்கி, "சரிலே சுடல, ஆனது ஆச்சு. நாளைலருந்து வந்துரு" என்றார்.

சுடலைமுத்து கார்ப் பக்கம் போகவில்லை. நின்ற இடத்திலிருந்தே பேசினார். சத்தமும் போடவில்லை.

"மிஷினு நல்லாருக்குன்னு ஒரு வார்த்த வந்துச்சி, நான் களவாணி ஆயிட்டேன். மிஷினு கெட்டுப் போச்சின்னு இன்னொரு வார்த்த வந்துச்சி, யோக்கியன் ஆயிட்டேன். நடுவுல என்னய ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல மொதலாளி. எனக்கு அங்கன இனி சோலி இல்ல."

அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். சுடலைமுத்து என்னைப் பார்த்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "ஒங்ககிட்டயும் தாம்மா சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

புரோகிராமைத் திருத்திவிட்டேன். உன் ஆளை நம்பிக் காத்திருக்கிற வேலை இனி இல்லை. கனெக்ஷனைத் திறக்கிறேன், மட்டத்தை வாங்குகிறேன், அடுத்த வரியிலேயே என் கையால் மூடுகிறேன். மூன்று வரி. போதாததற்கு, மணிக்கு ஒரு தடவை கார்பேஜ் கலெக்டரை வந்து பெருக்கச் சொல்லியும் ஒரு வரி போட்டிருக்கிறேன். பிழை வந்தால் வாயைப் பொத்தாமல் திரையைச் சிவப்பாக்கிச் சங்கையும் ஊதச் சொல்லிவிட்டேன். கீழே இணைத்திருக்கிறேன். மண்ணெண்ணெய் விளக்கு துடைக்கிறவள் எழுதியது. பார்த்துக்கொள்.

பெர்சிஸ்


பெங்களூரு
25 ஜூலை

பெர்சிஸ்,

தனிப்பட்ட கடிதத்தை ஸ்டேஷனில் கொடுக்கிற அளவுக்கு வந்துவிட்டாய். நேற்று இங்கே எனக்குப் போன் வந்தது. தமிழ் தெரியாதவர்கள் நடுவில் நின்று பதில் சொன்னேன். உன்னை மன்னிக்கும் எண்ணம் எனக்கு இல்லை, அதைத் தெளிவாக எழுதி வைக்கிறேன். இதையும் அச்செடுத்துக்கொள்.

நீ இணைத்ததைப் பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன். பார்த்தேன்.

தவறு.

திறக்கிறாய், வாங்குகிறாய், மூடுகிறாய். வாங்குகிற வரியிலேயே பிழை வந்தால்? இடி மின்னல் நேரத்தில் அந்தக் கருவி பாதி எண்ணை அனுப்பும், சில சமயம் அதுவும் அனுப்பாது. பாறையில் கொண்டுபோய்ப் பொருத்திய உனக்கே இது தெரிந்திருக்க வேண்டும். அப்போது புரோகிராம் அந்த வரியிலிருந்து நேராகப் பிழையைக் கவனிக்கிற இடத்துக்குத் தாவிவிடும். உன் மூன்றாவது வரியை அது தொடவே தொடாது. வெயில் நாளில் அழகாக மூடுவாய். மழை நாளில், மூட வேண்டிய ஒவ்வொரு தடவையும் திறந்தபடியே விட்டுவிட்டுப் போவாய். நான் மறந்த இடத்திலேதான் நீயும் மறந்திருக்கிறாய், பெருமை மட்டும் கூடுதல்.

மூடுகிற வரியை ஃபைனலி பகுதிக்குள் வை. பிழை வந்தாலும் வராவிட்டாலும் அது ஓடித்தான் தீரும். கலெக்டரைக் கூப்பிடும் வரியைத் தூக்கு. அது வேண்டுகோள்தான், கட்டளை இல்லை. கேட்டால் கேட்பான், இல்லாவிட்டால் இல்லை. வராத ஆளைக் கூப்பிடுவதில் நிம்மதி தேடாதே.

அடுத்த மழைக்கு முன்னால் செய்.

புவனேஷ்


குத்துக்கல்வலசை
5 ஆகஸ்ட்

புவனேஷ்,

நீ சொன்னது சரி. அன்றைக்கே மாற்றிவிட்டேன். நன்றி சொல்கிற இடத்தில் நாம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை லாட்ஜ் ஆபீசில் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். இப்போதெல்லாம் ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் நேராக அங்கே போகிறேன், அண்ணாச்சி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். மேற்கே இடிக்கத் தொடங்கியது. கருவி அரைகுறையாக அனுப்பியது. திரை சிவப்பானது. நீ எழுதியிருந்த அதே பிழை, ஒன்றன் பின் ஒன்றாக. ஒவ்வொன்றுக்குப் பிறகும் கனெக்ஷன் மூடியது. சங்கு ஊதியது.

தொட்டியிலிருந்து எல்லாரும் ஏறினார்கள், திட்டிக்கொண்டே. தலை நிறைய எண்ணெயோடு ஒருவர் ஆபீசுக்கே வந்துவிட்டார். "என்னம்மா, சொட்டு மழைக்கெல்லாம் ஊதுதிய? எண்ணெயத் தேச்சிட்டு நான் எங்கன போய்க் குளிக்க?" அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் சத்தம் கேட்டது. தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்து தொட்டியையும் படியையும் மூடியது. அவர் எட்டிப் பார்த்தார். பிறகு அண்ணாச்சியிடம் போய், படியில் விட்டிருந்த செருப்பு போய்விட்டது, யார் பொறுப்பு என்று சண்டை போட்டார். அவர்கள் எல்லாரும் கிளம்பிய பிறகு அண்ணாச்சி என்னிடம் வந்து சங்குச் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன்.

நேற்றுச் சுடலைமுத்துவைப் பார்க்கப் போனேன். சுரண்டையில் ஒரு மரக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். சங்கு ஊதியதைச் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்துக்கொண்டு போனேன் போலிருக்கிறது. பலகையை அடுக்கிக்கொண்டே கேட்டார். பிறகு, "அந்தப் பிள்ள நடக்குதா?" என்றார்.

தெரியவில்லை என்றேன். திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான், மறுபடி பலகைக்குப் போய்விட்டார். ஒரு மாதமாக நான் அந்தப் பெண்ணை வைத்து ஸ்டேஷனிலும் லாட்ஜிலும் உன்னிடமும் பேசிக்கொண்டிருக்கிறேன். போய் ஒரு தடவை பார்க்கவில்லை.

அங்கிருந்தே திருநெல்வேலி பஸ் ஏறினேன். அஃப்ரின் கட்டிலோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நடக்கவில்லை. இன்னும் ஆறு வாரம் போகட்டும், பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். நான் யார் என்று சொன்னதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஹைருன் பீவி என்னைத் திட்டவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"சங்கு ஊதுனா ஏறுங்கன்னு பெரிசா போர்டு வச்சிருந்தாவ" என்றார். "நான் மலையடிவாரத்துல பொறந்தவ, பிள்ள. மேக்க கருத்துச்சின்னா தண்ணிய விட்டு ஏறிருவேன். அன்னைக்கும் கருத்தத நான் கண்டேன். இவளும் 'போவமா உம்மா'ன்னு கேட்டா. இரி, இன்னும் சங்கு ஊதலல்லான்னு நாந்தான் சொன்னேன்."

நீ எனக்கும் நான் உனக்கும் எழுதியதில் எதையாவது எடுத்து அந்த அம்மாவுக்குப் பதிலாகச் சொல்ல முடியுமா என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்தேன். எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. உனக்கு அகப்பட்டால் எழுது.

பெர்சிஸ்


பெங்களூரு
7 ஆகஸ்ட்

பெர்சிஸ்,

எழுதி எழுதி அழித்துவிட்டேன்.

சனிக்கிழமை விடிகாலை திருநெல்வேலியில் இறங்குகிறேன். உன்னைப் பார்க்க வரவில்லை. எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு என்று மட்டும் எழுது.

புவனேஷ்